சுனோல் மலை ஏறிய இங்கிலாந்து ராஜாக்கள்

போன சனிக்கிழமை எங்கள் தெருமுனை வீட்டில் கராஜ் சேல் போட்டிருந்தார்கள். நான் எதையும் வாங்கப் போகவில்லை, நடக்கப் போனேன். டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து நான் நடந்ததைவிட நின்று வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். பிரிட்ஜ்வாட்டரில் கால்நடையாகப் போகிறவர்கள் நானும் நாய் வைத்திருப்பவர்களும்தான். மடக்கு மேசையில் பழைய டோஸ்டர், மூடியில்லாத கெட்டில், யாரோ யாருக்கோ கொடுத்த கிறிஸ்துமஸ் கோப்பைகள். நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடியில் இங்கிலாந்து ராணி, இளம் வயதில், குறுக்கே நீல நாடா போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு.

திறந்து மோந்து பார்த்தேன். பழைய டப்பாவைத் திறந்தால் மோந்து பார்க்காமல் இருக்க முடிகிறதா உங்களால்? என்னால் முடியாது. துருவும் எப்போதோ இருந்த வெண்ணெயும் கலந்த வாசனை. அதற்கு அடியில் ஓமம் இருந்தாக வேண்டும் என்று என் மூக்கு பிடிவாதமாகத் தேடியது. நியூ ஜெர்சி வெள்ளைக்கார அம்மாளின் டப்பாவில் ஓமத்துக்கு எங்கே போவது? ஆனால் என் மூக்கின் மேல் தப்பில்லை. இதே முகம் போட்ட டப்பாவில்தான் ப்ரியா ஓமப்பொடி கொண்டுவருவாள். அது கலிஃபோர்னியாவில், லிவர்மோரில், உலகமே வீட்டுக்குள் அடைபடுவதற்கு முந்தைய வருடங்களில்.

லிவர்மோரில் இருந்தவர்களுக்குத் தெரியும். சிவனும் விஷ்ணுவும் ஒரே மதிலுக்குள் குடியிருக்கும் கோயில் உண்டு, சுற்றிலும் திராட்சைத் தோட்டம் உண்டு, ஆபீஸ் மட்டும் கிடையாது. ஆபீஸ் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். காலையில் சுனோல் மலை ஏறி இறங்க ஒன்றேகால் மணி நேரம், மழை பெய்தால் அது ஆண்டவன் விட்ட வழி. எனக்கு ஃப்ரீவே என்றால் கோபிசெட்டிபாளையம் சந்தைக்குள் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி. அதனால் செல்வராஜ் அண்ணனின் வேனில் மூன்று பேராகப் போய்வந்தோம். அவர் ஓட்டுவார். ப்ரியா முன்சீட்டில். நான் பின்னால், டிபன் பைகளோடு.

செல்வராஜ் அண்ணன் விருதுநகர்க்காரர். எங்கள் இருவருக்கும் மேனேஜர். ஆபீசில் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், வண்டிக்குள் ஏறியதும் அண்ணன். எம்.சி.ஏ.வுக்கு முன்னால் பி.ஏ. சரித்திரம் படித்தவர். அந்தப் படிப்பு எதற்குமே உதவவில்லை என்ற வருத்தம் அவருக்கு நிறைய உண்டு. ப்ரியா நங்கநல்லூர்ப் பெண். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று வாக்கியம் ஆரம்பித்துவிடுவாள்.

வண்டியில் ஒரு சட்டம் இருந்தது. விசா, கிரீன் கார்டு, லேஆஃப், இந்த மூன்று வார்த்தைகளையும் உள்ளே சொல்லக்கூடாது. சட்டம் பிறந்த கதையில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ப்ரியாவும் நானும் ஒரே விசாவில் இருந்தோம், ஒரே வரிசையில் நின்றோம். யாருடைய அப்ளிகேஷன் முதலில் போனது என்று ஒரு நாள் விளையாட்டாக ஆரம்பித்தது, பிளசன்டன் தாண்டுவதற்குள் குழாயடிச் சண்டையாகிவிட்டது. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுறீங்களா, இல்ல நான் வண்டிய நிப்பாட்டட்டா?"

அன்றைக்கு ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. அதைப் போல ஒரு நீளமான மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் ப்ரியா சமாதானத்துக்கு ஓமப்பொடி கொண்டுவந்தாள், அந்த ராணி டப்பாவில். சிக்னலில் நின்றபோது அண்ணன் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்தம்மா பேருலயே முன்னாடி ஒரு ராணி இருந்தா, முதல் எலிசபெத்து. அவ மட்டும் கையெழுத்து போடலேன்னா நாம மூணு பேரும் இந்த வண்டியில இருக்க மாட்டோம்."

"எப்படிண்ணா?"

"அவ போட்ட கையெழுத்துலதான கிழக்கிந்தியக் கம்பெனியே ஆரம்பிச்சுது. கம்பெனி வந்துச்சு, பின்னாடியே இங்கிலீசு வந்துச்சு. இங்கிலீசு வந்ததால இந்த வேலை. வேலையால இந்த டிராபிக்கு."

விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது. தினம் ஒரு ராஜா அல்லது ராணி, முறை வைத்து. கேள்வி ஒன்றே ஒன்று: அந்த ஆள் இல்லாவிட்டால் நாம் இந்த வண்டியில் இருப்போமா? ஆம் என்றால் அவர் வெறும் ராஜா, இல்லை என்றால் பெரிய ராஜா. சரித்திரப் பேராசிரியர்கள் இந்த அளவுகோலை ஒப்புக்கொள்வார்களா தெரியாது. ஓமப்பொடியை மென்றுகொண்டு எங்கள் மூவருக்கும் இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே ராஜா எட்டாம் ஹென்றி, அதுவும் அவருடைய ஆறு மனைவிகளால். "முதல் பொண்டாட்டிய விலக்க போப்பாண்டவர் ஒத்துக்கலைங்கறதுக்காக, இங்கிலாந்துக்குன்னு தனி சர்ச்சே ஆரம்பிச்சுட்டாருங்ண்ணா," என்றேன், ராத்திரி போனில் படித்ததை ஒப்பித்தபடி. "ஒரு டைவர்ஸுக்கு இவ்ளோ பெரிய புராஜெக்டா?" என்றாள் ப்ரியா. அண்ணன் மட்டும் ஸ்டியரிங்கைத் தட்டினார். "ரெண்டாவதா கட்டுனவ பெத்த பிள்ளைதாம்மா அந்த எலிசபெத்து. ஹென்றி ஒழுங்கா ஒருத்தியோட குடும்பம் நடத்தியிருந்தா நீ இப்ப கோபியில இருப்ப." என் வாழ்நாளில் நான் கேட்டதில் மிகவும் நியாயமான வாதம் அது.

ப்ரியாவுக்குப் பிடித்தவர் இரண்டாம் சார்லஸ். போர்ச்சுகல் இளவரசியைக் கட்டியதில் பம்பாயே சீதனமாக வந்ததாம் அவருக்கு. "எங்கப்பா என் ஹஸ்பண்டுக்கு ஒரு பைக் குடுத்தாரு, அதுக்கே மூணு வருஷம் சொல்லிக் காட்டினாரு," என்றாள். மூன்றாம் ஜார்ஜ் வந்த நாளில் பெரிய தகராறு. அமெரிக்காவைக் கோட்டைவிட்ட ராஜா. அவர் விடாமல் பிடித்திருந்தால் நமக்கு இங்கே வருவது சுலபமாக இருந்திருக்குமா கஷ்டமாக இருந்திருக்குமா என்று பேசப்போய் மூன்று பேருமே தடை செய்த வார்த்தையைச் சொல்லிவிட்டோம். மறுநாள் மூன்று டிபன் பெட்டிகளில் மூன்று விதப் பொங்கல் வந்தது, அபராதமாக.

இதில் எனக்கு ஒரு ரகசியக் கட்சி உண்டு. என் கல்யாணக் காசு மாலையில் இருப்பது ஐந்தாம் ஜார்ஜ். தாடிக்காரர். எங்கள் ஊர்ப் பக்கம் மாரியம்மனைக் கும்பிடுகிற பெண்கள் எத்தனை பேர் கழுத்தில் அந்த ஆளைத் தொங்கவிட்டுக்கொண்டு தாலி கட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வரும். தங்கத்தை இன்னும் சவரனில்தான் கேட்கிறோம், அதுவும் அவர்கள் ஊர் நாணயத்தின் பெயர்தான். விக்டோரியா பெரிய ராணியா என்று ஒரு காலையில் விவாதம் நடந்தபோது இதைச் சொன்னேன். சிப்பாய்ப் புரட்சிக்கு அப்புறம் கம்பெனியிடமிருந்து நாட்டை வாங்கித் தன் பெயரில் வைத்துக்கொண்டது அவர்தான் என்று அண்ணன் முக்கால் மணி நேரம் பேசி முடித்திருந்தார். "நான் பேசுனது முழுக்க உன் கழுத்துலயே இருக்கேம்மா," என்றார் கடைசியில், கொஞ்சம் பொறாமையோடு.

இப்படிச் சிரித்துக்கொண்டே ஒரு வருடம் போயிருக்கும். பிறகு எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது.

அந்தத் தீபாவளிக்கு அப்புறம் யாரும் சத்தமாகச் சிரித்ததாக நினைவில்லை. ஆபீஸ் சமையலறையில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாமவர் போனதும் பேச்சு நின்றது. எங்கள் குழுவில் டெஸ்டிங் பார்த்தது ப்ரியாவும் நானும் மட்டும்தான். ஒருவர் போதும் என்று புது முதலாளிகள் நினைப்பதாகக் காற்றுவாக்கில் வந்தது. யாரை நிறுத்துவது என்று சொல்ல வேண்டியவர் செல்வராஜ் அண்ணன். இது ப்ரியாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இந்த மூன்று தெரிதல்களும் தினமும் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு மலையேறின.

வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் கணவர் என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவர், அவரால் இங்கே வேலை பார்க்க முடியாது. மகள் கிண்டர்கார்டனில் இருந்தாள். வீட்டில் நாங்கள் தாழ்ந்த குரலில் பேசியதை அவள் எப்படியோ பிடித்துவிட்டாள். "ஆர் வி மூவிங், அம்மா?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "இல்லடா தங்கம்," என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது. அவள் இன்னொரு தரம் கேட்டாள்.

வண்டியில் ராஜாக்கள் மட்டும் தொடர்ந்தார்கள். விட்டுவிட்டால் வேறு என்ன பேசுவது? ஆனால் ராஜாக்களின் சுபாவம் மாறிவிட்டது. ப்ரியா கொண்டுவந்தவர்கள் எல்லாம் லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டவர்கள், பட்டம் சூட்டுவதற்கு முன்பே காணாமல் போன சிறுவர்கள், ஒன்பது நாள் ராணியாக இருந்து தலையைக் கொடுத்த சின்னப் பெண். நான் மட்டும் சந்தோஷமாகச் செத்தவர் யாராவது கிடைப்பாரா என்று தேடிக்கொண்டிருந்தேன். அதிகம் பேர் தேறவில்லை.

ஜனவரியில் ஒரு காலை. முந்தின நாள் அண்ணனை மேலே கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஆபீசை விட்டுக் கிளம்பத் தாமதமானதால் நானும் ப்ரியாவும் வேறு ஆளோடு வீடு திரும்பியிருந்தோம். காலையில் லிவர்மோர் முழுக்கப் பனிமூட்டம். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அண்ணன் குட் மார்னிங் சொல்லவில்லை. ரேடியோ போடவில்லை. எப்போதும் சட்டையோடு வருகிற மனிதர் அன்று சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். ப்ரியா சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பிளசன்டன் வரை பொறுத்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"இன்னிக்கி யாருண்ணா ராஜா?"

அவர் வைப்பரைப் போட்டு முன்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "முதல் சார்லஸ்," என்றார்.

"தலைய வெட்டினாங்களே, அவரா?"

"அவருதான். கடவுளே தன்னைய ராஜாவா வச்சிருக்காருன்னு நெனச்சவரு. பார்லிமென்ட்டு கேள்வி கேட்டா கலைச்சு விட்டாரு. கடைசியில சண்டையே வந்து, அவங்களே பிடிச்சு, கோர்ட்டுல நிறுத்திட்டாங்க. ஒரு ராஜாவ நிறுத்திக் கேள்வி கேக்கலாம்னு உலகத்துக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது." குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. வண்டி மலையேறத் தொடங்கியிருந்தது. "இதே ஜனவரி மாசம். நல்ல குளிரு. வெட்டப் போற அன்னைக்குக் காலையில ரெண்டு சட்டை கேட்டு வாங்கி ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுக்கிட்டாரு."

"எதுக்குண்ணா?"

"குளிருல ஒடம்பு நடுங்கும்ல. பாக்குற ஜனம் பயந்து நடுங்குறான்னு நெனச்சிரக் கூடாதுன்னு."

சாதாரண நாளாக இருந்தால் ப்ரியா ஏதாவது நக்கல் அடித்திருப்பாள். அன்று அவள் அண்ணன் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அண்ணா, இன்னிக்கி நான் ரெண்டு சட்டை போட்டுட்டு வந்திருக்கணுமா?"

பனிமூட்டத்துக்குள் ஒரு லாரி எங்களைக் கடந்தது. அதன் சத்தம் அடங்கியதும் அவர் வேகத்தைக் குறைத்தார்.

"அத நான் சொல்லக் கூடாதும்மா," என்றார்.

ப்ரியாதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வேறு எப்படிப் புரிந்துகொள்வது? பின்சீட்டிலிருந்து எட்டி அவள் தோளில் கை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. அவளுக்கு ரெசுமே நான் எழுதித் தருகிறேன், அவள் பிள்ளையை நம் வீட்டில் விடச் சொல்லலாம், பெட்டி கட்டக் கூடப் போகலாம் என்று மனதுக்குள் அத்தனை பெருந்தன்மையாகத் திட்டம் போட்டேன். மலை இறங்கிய பிறகும் அந்தக் கையை விடவில்லை.

ஆபீஸ் பார்க்கிங்கில் வண்டி நின்றது. யாரும் கதவைத் திறக்கவில்லை. அண்ணன் சீட் பெல்ட்டைக் கழற்றினார், ஸ்வெட்டரைத் தலை வழியாக உருவினார், கண்ணாடி ஒரு பக்கம் கோணியது, அதைச் சரி செய்யவில்லை. ஸ்வெட்டரை மடித்து, திரும்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"நீ போட்டுக்கம்மா. மீட்டிங் ரூம்ல குளிரும்."

ப்ரியா என் கையை விட்டுவிட்டாள். விட்ட கையில்தான் நான் அந்த ஸ்வெட்டரை வாங்கினேன்.

மீட்டிங் ரூமில் முன்பின் தெரியாத இரண்டு பேர் இருந்தார்கள். முன்னால் ஒரு கோப்பை தண்ணீர் வைத்திருந்தார்கள். அவர்கள் பேசியது எதுவும் நினைவில்லை. ஸ்வெட்டரின் கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது நினைவிருக்கிறது. நான் நடுங்கவில்லை. கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். பாதியில் நிற்கும் டெஸ்டை யார் முடிப்பார்கள் என்று கேட்டேன். எங்கள் வீட்டு மனிதர் இதை இன்னமும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

பத்தரை மணிக்குப் பேட்ஜை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் உறைத்தது, எனக்கு வண்டி இல்லை. கார்பூலில் வந்தவளை வேலையை விட்டு நிறுத்தினால் அவள் எப்படி வீடு போவாள் என்று அந்த இரண்டு பேரும் யோசிக்கவில்லை, நானும் யோசித்திருக்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் ஜன்னலிலிருந்து பார்க்க, ஒரு செடித் தொட்டியும் டிபன் பையுமாக அண்ணனின் வேன் பக்கத்தில் நின்றேன். அந்த அரை மணி நேர வெட்கத்துக்கு முன்னால் வேலை போனதே பெரிதாகத் தெரியவில்லை.

ப்ரியா சாவியோடு ஓடிவந்தாள். அண்ணன் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் வரவில்லை.

பனி விலகியிருந்தது. மலை முழுக்க மழைக்குப் பிந்தைய பச்சை. நடுப்பகலில் அந்தச் சாலை அவ்வளவு காலியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தடை செய்த மூன்று வார்த்தைகளையும் அன்று பேசித் தீர்த்தோம். யாருடைய கடிதம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த கம்பெனி விசா மாற்றிக்கொடுக்கும், எந்த வக்கீல் நல்லவர். அழுதது ப்ரியாதான்.

"நான்தான்னு நெனச்சேன்க்கா. நேத்து நைட்டு ஃபுல்லா நங்கநல்லூர்ல எந்த ஸ்கூல்ல சீட் கிடைக்கும்னு பாத்துட்டு இருந்தேன். இப்ப எனக்கு நிம்மதியா இருக்கு, அது எனக்கே அசிங்கமா இருக்குக்கா."

"ரோட்டப் பாத்து ஓட்டு கண்ணு," என்றேன். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. அவள் இடத்தில் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

கெடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இங்கே நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் வேலை கிடைத்தது. நாட்டின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு மூட்டை கட்டினோம். வந்து பாத்திரங்களை அடுக்கி முடிப்பதற்குள் ஊரடங்கு. அந்தக் கோடையில் பழைய கம்பெனி இன்னும் பலரை நிறுத்தியது, அதில் ப்ரியாவும் ஒருத்தி. அப்போது யார் வேலைக்கு எடுப்பார்கள்? ஊருக்குத் திரும்புகிறவர்களுக்காக விட்ட விமானத்தில் முகத்தை மூடிக்கொண்டு நங்கநல்லூர் போய்ச் சேர்ந்தாள். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. இருந்த கட்டடத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

அண்ணன் அந்த ஜனவரிக்கு அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. டப்பா மூடியிலிருந்த அந்த ராணி கிழவியாகி இறந்த அன்று போன் வந்தது. "அந்தம்மா போயிட்டாங்கம்மா," என்றார், ஏதோ விருதுநகரில் அடுத்த தெருக்காரர் போன மாதிரி. கொஞ்ச நேரம் ராணியைப் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டுவிட்டேன்.

"ஏனுங்ண்ணா என்னைய?"

அவர் யோசிக்கவில்லை. இத்தனை காலமாகத் தயாராக வைத்திருந்தார் போலிருக்கிறது.

"ரெண்டு பேருல யாரு வெளிய போனா தப்பிச்சுக்குவான்னு பாத்தேன். நீ தப்பிச்சுக்குவன்னு தோணுச்சு. அவ மாட்டான்னு தோணுச்சு."

கணக்கு சரியாகத்தான் வந்தது, நான் தப்பித்தேன். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. என் குழந்தையின் வீட்டை, பள்ளிக்கூடத்தை, என் கணவரின் தூக்கத்தை, என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் பந்தயம் கட்டியிருக்கிறார். ப்ரியாவுக்கு அதனால் கிடைத்தது நாலைந்து மாதம். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, சொல்லவில்லை. மேலே கூப்பிட்டு முடிவு கேட்ட அந்த ராத்திரி அவர் எப்படி வீடு திரும்பியிருப்பார், அந்த மலையில் தனியாக, என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தேன். பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன்.

"இப்ப வண்டியில உங்ககூட யாருங்ண்ணா வர்றாங்க?"

"வண்டிய வித்துட்டேம்மா. ரயில்ல போறேன்," என்றார். லிவர்மோரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வாராம். பக்கத்து சீட்டில் யாராவது போனில் தமிழ் பேசினால், எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுவாராம்.